தைராய்டு பரிசோதனை: ரத்தத்தில் தெரிவதும் தெரியாததும்

தைராய்டு பற்றி வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே தவிப்பைச் சொல்கின்றன. கையில் ஒரு ரிப்போர்ட் இருக்கிறது. அதில் ஓர் எண் மட்டும் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த எண்கள் எந்த ஆராய்ச்சிகளின் வழியாக நம்மிடம் வந்தன, எந்த இடத்தில் அவற்றை நம்பலாம், எந்த இடத்தில் நிதானிக்க வேண்டும் என்பதைத் தொடும் கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவதையும் குறைப்பதையும் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரிடமே விட்டுவிட வேண்டுகிறேன்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை, வயது 41. ஒரு லேபில் காலையில் ரத்தம் கொடுத்தபோது டி.எஸ்.ஹெச். 6.1 என்று வந்தது. பயந்துபோய் அடுத்த வாரமே வேறொரு லேபில், பள்ளி முடிந்து மாலையில் கொடுத்தேன். அங்கே 4.7. இரண்டில் எது தவறு?
— வாசகி, மயிலாடுதுறை

பதில்: இரண்டுமே சரியாக இருக்க முடியும்.

டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டு சுரப்பியில் உண்டாவது அல்ல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் உண்டாகி, 'இன்னும் சுர' என்று தைராய்டுக்கு உத்தரவு கொண்டுபோகும் ஹார்மோன் அது. இந்த உத்தரவு நாள் முழுவதும் ஒரே அளவில் போவதில்லை. நள்ளிரவுக்குப் பின், விடிவதற்கு முன்னால் உச்சத்துக்குப் போய், பிற்பகலில் தாழ்ந்துவிடும். சாப்பிட்ட பிறகும் சற்றே குறையும். ஆகவே நீங்கள் காலையில் கொடுத்ததும் மாலையில் கொடுத்ததும் ஒரே உடலின் இரண்டு வேளைகள். இதோடு, இரண்டு லேப்களும் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளையும் வேதிப்பொருள்களையும் பயன்படுத்தியிருந்தால், ஒரே குழாயில் இருந்து எடுத்த ரத்தத்துக்கே இரண்டு எண்கள் வரும்.

இந்த ஏற்ற இறக்கம் ஒரு மனிதரிடம் எவ்வளவு என்பதை டென்மார்க்கில் ஓர் ஆய்வுக் குழு பொறுமையாக அளந்து பார்த்தது. 2002இல் வெளியான அந்த ஆய்வில், நலமாக இருந்த 16 ஆண்களிடம் ஓராண்டுக்கு மாதந்தோறும் ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொருவருடைய எண்களும் அவரவருக்கென்று இருந்த ஒரு குறுகிய எல்லைக்குள்ளேயே ஏறி இறங்கின. அந்த எல்லை, ரிப்போர்ட்டில் அச்சாகும் பொது எல்லையில் ஏறத்தாழ பாதி அகலமே இருந்தது. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. பொது எல்லைக்குள் இருக்கிறது என்பதாலேயே ஓர் எண் உங்களுக்கு இயல்பானது என்று ஆகிவிடாது. அதேபோல், பொது எல்லையைச் சற்றே தாண்டியது என்பதாலேயே நோய் என்றும் ஆகிவிடாது. இரண்டு டி.எஸ்.ஹெச். முடிவுகளுக்கு நடுவே சுமார் 40 சதவீத வித்தியாசமாவது இருந்தால்தான் உடலில் உண்மையாகவே ஏதோ மாறியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். உங்கள் இரண்டு எண்களின் வித்தியாசம் அதற்குள் அடங்கிவிடுகிறது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். தைராய்டின் ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.ஹெச். இரண்டு மடங்காகக் கூடுவதில்லை, நூறு மடங்கு வரைகூடக் கூடுகிறது. இந்த அளவு கூர்மையாக எதிர்வினை காட்டுவதால்தான் மருத்துவர்கள் முதலில் அதைக் கேட்கிறார்கள். அதே காரணத்தால்தான் அது சின்ன அசைவுக்கும் ஆடுகிறது. இரண்டு மூன்று மாதங்கள் கழித்து, அதே லேபில், அதே காலை வேளையில், ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் தைராய்டு ஹார்மோன்), டி.பி.ஓ. ஆன்டிபாடி (தைராய்டுக்கு எதிராக உடலே உருவாக்கும் எதிர்ப்புப் புரதம்) ஆகியவற்றோடு சேர்த்துப் பாருங்கள். அதற்கு முன்பாக மூன்றாவது லேபைத் தேட வேண்டியதில்லை.

கேள்வி: நான் உயிர்வேதியியல் முதுகலை படிக்கிறேன். ரத்தத்தில் இவ்வளவு நுண்ணிய அளவில் இருக்கும் ஹார்மோனை அளக்க முதன்முதலில் எப்படி வழி கண்டுபிடித்தார்கள்? அதற்கு முன்னால் தைராய்டு நோயை எப்படிக் கண்டறிந்தார்கள்?
— மாணவர், சிதம்பரம்

பதில்: இந்தக் கேள்விக்கு விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இன்றைக்கு ஊர்தோறும் சில மணி நேரத்தில் கிடைக்கும் ரிப்போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு நம் பாடப் புத்தகங்களில் இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது.

1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரி என்ற இளம் மருத்துவர், தைராய்டு முற்றிலும் செயலிழந்த 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். ரத்தத்தில் அளந்து பார்க்க அன்றைக்கு எதுவுமே இல்லை. முகத்தின் வீக்கம் வடிந்தது, பேச்சின் மந்தம் நீங்கியது, உடல் சூடு ஏறியது என்பவையே அவருக்குக் கிடைத்த பரிசோதனை முடிவுகள். அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1895இல் மக்னஸ் லெவி என்ற ஜெர்மானியர், தைராய்டு சுரப்பு கூடினால் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவும் கூடுகிறது என்று காட்டினார். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு நோயாளியை வெறும் வயிற்றில் படுக்கவைத்து, மூக்கை அடைத்து, வாய்க்குழாய் வழியாக மூச்சுவிடச் செய்து, ஆக்சிஜன் செலவை அளப்பதே முதன்மையான தைராய்டு பரிசோதனையாக இருந்தது. மூக்கை அடைத்தால் யாருக்குத்தான் படபடப்பு வராது? அந்தப் படபடப்பே முடிவைக் கூட்டிக் காட்டிவிடும். நோயில்லாதவர்களுக்கும் நோய் இருப்பதாக முடிவு வந்துகொண்டிருந்தது.

அடுத்த படி வேதியியல் வழியாக வந்தது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டல் 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, டி4 என்று குறிக்கப்படும் தைராய்டு ஹார்மோனான தைராக்ஸினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். லண்டனில் சார்லஸ் ஹாரிங்டன் 1926இல் அதன் அமைப்பைச் சரியாகக் கண்டறிந்து, அடுத்த ஆண்டு பார்ஜருடன் சேர்ந்து அதைச் செயற்கையாகவும் தயாரித்தார். தைராக்ஸினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. ரத்தத்தில் அது பெரும்பாலும் புரதங்களோடு ஒட்டியே பயணம் செய்கிறது. எனவே ரத்த நீரிலுள்ள புரதங்களை வீழ்படிவாக்கி, அதில் எவ்வளவு அயோடின் இருக்கிறது என்று பார்த்தால் தைராக்ஸினை மறைமுகமாக அளந்துவிடலாம் என்ற முறை பிறந்தது. நல்ல முறைதான். ஆனால் நோயாளி அதற்கு முன்பு அயோடின் கலந்த எக்ஸ்ரே சாயம் எதையாவது செலுத்திக்கொண்டிருந்தால் முடிவு அடியோடு கெட்டுவிடும்.

இந்த நிலையில்தான் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் இருவர் சேர்ந்தார்கள். ரோசலின் யாலோ இயற்பியலாளர். சாலமன் பெர்சன் மருத்துவர். 1950இல் தொடங்கிய அவர்களுடைய முதல் ஆய்வுகள் இரண்டே இரண்டு பொருள்களைப் பற்றியவை: ஒன்று ரத்தம், மற்றொன்று தைராய்டு. கதிரியக்கப் பொட்டாசியத்தாலும் பாஸ்பரஸாலும் சிவப்பணுக்களை அடையாளமிட்டு, கதிரியக்க அயோடினால் ஆல்புமின் புரதத்தை அடையாளமிட்டு, ஒருவர் உடலில் மொத்தம் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்று அளந்தார்கள். பிறகு, ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ரத்தத்திலிருந்து தைராய்டு அயோடினை உறிஞ்சிக்கொள்கிறது, எவ்வளவைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது என்று கணக்கிட்டு, அதையே நோயறியும் வழியாக 1952இல் வெளியிட்டார்கள்.

தைராய்டில் கைவந்த இந்தக் கதிரியக்க அயோடின் பழக்கத்தைத்தான் அவர்கள் இன்சுலினுக்குக் கொண்டுபோனார்கள். அயோடினால் அடையாளமிட்ட இன்சுலினைச் செலுத்தியபோது, ஏற்கெனவே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களின் ரத்தத்தில் அது மெதுவாகவே மறைந்தது. அவர்களுடைய உடலில் இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடி உருவாகி அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். அவ்வளவு சிறிய புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி உருவாக முடியாது என்று அன்றைய அறிஞர்கள் நம்பியதால், கட்டுரையை முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொற்களை மாற்றிய பிறகே 1956இல் அது அச்சேறியது. யாலோ அந்த நிராகரிப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து, பிற்காலத்தில் தன் நோபல் உரையில் காட்டினார்.

அந்த ஆன்டிபாடியையே அளவுகோலாக்கிவிடலாம் என்பதுதான் அடுத்த எண்ணம். இருக்கைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டுமே உள்ள ஒரு பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் வண்ணச் சீட்டு வைத்திருக்கும் நூறு பேரை நாம் ஏற்றிவிடுகிறோம். சீட்டில்லாத கூட்டம் ஒன்றும் அதே வாசலில் முண்டியடிக்கிறது. வண்டி புறப்படும்போது உட்கார்ந்திருக்கும் வண்ணச் சீட்டுக்காரர்கள் குறைவு என்றால், மற்ற கூட்டம் பெரிது என்று தெரிந்துவிடும். ஆன்டிபாடி இருக்கைகள், கதிரியக்க அடையாளமிட்ட ஹார்மோன் வண்ணச் சீட்டுக்காரர்கள், நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் ஹார்மோன்தான் எண்ண முடியாத அந்தக் கூட்டம். ரேடியோ இம்யூனோ அஸே என்ற இந்த முறையை 1959, 1960ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட இருவரும் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை என்பதை நான் மிகுந்த மரியாதையோடு குறிப்பிட விரும்புகிறேன். உலகெங்கும் ஆய்வகங்கள் தாமே செய்து பார்க்க வழி திறந்தது. பெர்சன் 1972இல் காலமானார். 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அதில் பங்கு பெற்ற மற்ற இருவர் கியேமனும் ஷாலியும், பிட்யூட்டரியை டி.எஸ்.ஹெச். சுரக்கத் தூண்டும் டி.ஆர்.ஹெச். என்ற பொருளை, லட்சக்கணக்கான ஆட்டு மூளைகளிலும் பன்றி மூளைகளிலும் தேடி, 1969இல் அதன் அமைப்பைக் கண்டறிந்தவர்கள் அவர்கள்.

டி.எஸ்.ஹெச்.சை இந்த முறையில் அளக்கத் தொடங்கியது 1960களில். ஆனால் அன்றைய பரிசோதனைக்குக் கூடுதலான டி.எஸ்.ஹெச்.தான் தெரியும், இயல்பான அளவையும் மிகக் குறைந்த அளவையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியைக் கண்ட பிறகு, ஹார்மோனை இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவே பிடிக்கும் முறை வந்தது. பரிசோதனையின் நுட்பம் ஒவ்வொரு தலைமுறையிலும் பத்து மடங்கு கூடி, இன்றைக்கு 0.01 வரை நம்பகமாக அளக்கிறோம். கதிரியக்கத்தின் இடத்தில் இப்போது ஒளிவிடும் வேதிப்பொருள் வந்துவிட்டது. பல ரிப்போர்ட்டுகளின் ஓரத்தில் சி.எல்.ஐ.ஏ. என்று போட்டிருப்பது அதைத்தான். ஒரு மில்லிலிட்டர் ரத்த நீரில் ஃப்ரீ டி4 ஏறத்தாழ 10 பிகோகிராம்தான் இருக்கிறது. ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு பிகோகிராம்.

கேள்வி: வயது 29. முடி கொட்டுவதற்காகக் கடையில் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கித் தினமும் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். உடல் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். 0.08, ஃப்ரீ டி4 அதிகம் என்று வந்திருக்கிறது. எனக்குப் படபடப்போ, உடல் மெலிவோ, கை நடுக்கமோ எதுவும் இல்லை. தைராய்டு மிகைச் சுரப்புக்கு மருந்து தொடங்க வேண்டுமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தொடங்குவதற்கு முன் பயோட்டின் விஷயத்தை உங்கள் மருத்துவரிடமும் லேபிலும் கட்டாயம் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தில் அதைக் குறிப்பிட்டு நல்ல காரியம் செய்தீர்கள். பெரும்பாலோர் அதை மருந்தாகவே நினைப்பதில்லை.

பல நிறுவனங்களின் பரிசோதனைக் கருவிகள், ஆன்டிபாடியைப் பிடித்து நிறுத்துவதற்குப் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று மிக இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும் தன்மையைப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் மாத்திரையால் வந்த பயோட்டின் நிறைய மிதந்தால், அது அந்தப் பிடிமானங்களை முன்கூட்டியே அடைத்துக்கொள்கிறது. பரிசோதனையின் ஒளி குறைந்துவிடும். டி.எஸ்.ஹெச். அளவில் ஒளி குறைந்தால் ஹார்மோன் குறைவு என்று கருவி எழுதும்; ஃப்ரீ டி4, டி3 (தைராய்டின் இன்னொரு ஹார்மோன்) அளவுகளில் மேலே பேருந்தில் பார்த்த போட்டி முறை என்பதால் ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று எழுதும். இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் போய், தைராய்டை மிகையாகச் சுரக்கவைக்கும் அசல் கிரேவ்ஸ் நோயைப் போலவே ஒரு ரிப்போர்ட்டை உண்டாக்கிவிடுகின்றன. பிறவியிலேயே வளர்சிதை மாற்றக் குறைபாடு உள்ளதால் அதிக அளவில் பயோட்டின் எடுத்துக்கொண்ட ஆறு குழந்தைகளுக்கு இப்படியே நேர்ந்ததை 2016இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் எச்சரிக்கை விடுத்தது. மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் பரிசோதனை பயோட்டினால் தவறாகக் குறைந்து வந்து ஒருவர் இறந்ததாக வந்த தகவலும் அதில் இருந்தது.

நம் உடலுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். நீங்கள் சாப்பிடுவது அதைப்போல முந்நூறு மடங்குக்கும் மேல். குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். எல்லாக் கருவிகளும் இந்த முறையைப் பயன்படுத்துவதில்லை; ஆகவே உங்கள் முடிவு உண்மையானதாகவும் இருக்கலாம். மறுபரிசோதனைதான் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு ஹீமோகுளோபின் 9.2, டி.எஸ்.ஹெச். 11. வயது 36. மாதவிலக்கில் போக்கு அதிகம். தைராய்டு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். மறக்காமல் இருப்பதற்காக இரண்டையும் காலையில் எழுந்ததும் சேர்த்தே போட்டுக்கொள்கிறேன். நான்கு மாதமாகியும் இரண்டும் சரியாகவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
— வாசகி, சேலம்

பதில்: தொடர்பு உண்டு, ஒரு வழியாக மட்டுமல்ல.

முதலில் மாத்திரையைப் பிரியுங்கள். இரும்பும் தைராக்ஸினும் குடலில் ஒன்று சேர்ந்து உறிஞ்ச முடியாத கூட்டுப்பொருளாகிவிடுகின்றன. 1992இல் வெளியான ஓர் ஆய்வில், தைராக்ஸின் சாப்பிட்டுச் சீராக இருந்த 14 பேருக்கு அதனுடன் சேர்த்து 12 வாரம் இரும்பு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய சராசரி டி.எஸ்.ஹெச். 1.6இலிருந்து 5.4க்கு ஏறிவிட்டது. தைராய்டு மாத்திரையின் அளவில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. எனவே தைராய்டு மாத்திரையை அதிகாலையிலும், இரும்பு மாத்திரையைக் குறைந்தது நான்கு மணி நேரம் கழித்தும் வைத்துக்கொள்ளுங்கள். கால்சியம் மாத்திரைக்கும் இதே விதிதான். இரும்பு மாத்திரையை டீயுடன் விழுங்காதீர்கள். டீ இரும்பை உறிஞ்சவிடாது.

அடுத்தது, தைராய்டு குறைவே ரத்தசோகையை உண்டாக்கும். எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உருவாவதற்குத் தைராய்டு ஹார்மோனின் தூண்டுதல் வேண்டும். ஹார்மோன் குறைந்தவர்களுக்கு மாதவிலக்கில் ரத்தப்போக்கு கூடுவதும் வழக்கம். அதனால் இரும்பும் வெளியேறுகிறது. ஹஷிமோட்டோ என்ற தன்னெதிர்ப்பு நோயால் தைராய்டு பழுதானவர்களில் சிலருக்கு, இரைப்பைச் சுவரையும் அதேபோன்ற ஆன்டிபாடிகள் தாக்கி, பி12 வைட்டமினை உறிஞ்ச முடியாமல் செய்துவிடுகின்றன. அதனால் உங்கள் ரத்த ரிப்போர்ட்டில், சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. என்ற எண்ணைப் பார்க்க வேண்டும்: சிவப்பணு சிறுத்திருந்தால் இரும்புக் குறைவு, பெருத்திருந்தால் பி12 குறைவோ தைராய்டு குறைவோ காரணமாக இருக்கலாம். ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12 இரண்டையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது வழி எதிர்த் திசையில் போகிறது, அதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தைராய்டுக்குள் அயோடினைப் பிணைத்து ஹார்மோன் ஆக்கும் நொதி தைராய்டு பெராக்ஸிடேஸ். ஹீமோகுளோபினில் இருக்கும் அதே ஹீம் என்ற இரும்புப் பகுதி இந்த நொதியிலும் இருக்கிறது. இரும்பு இல்லையென்றால் அயோடின் கிடைத்தும் பயன்படாது. ஜூரிக்கைச் சேர்ந்த மைக்கேல் ஜிம்மர்மன் குழுவினர் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில், முன்கழுத்துக் கழலை இருந்த பிள்ளைகளுக்கு அயோடின் கொடுத்துப் பார்த்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். 30 வாரங்கள் கழித்து, ரத்தசோகை இல்லாத பிள்ளைகளில் 12 சதவீதத்தினருக்கு மட்டுமே கழலை மிச்சமிருந்தது. இரும்புக் குறைவால் ரத்தசோகை இருந்த பிள்ளைகளில் 64 சதவீதத்தினருக்கு அது அப்படியே நீடித்தது. நம் நாட்டில் இளம் பெண்களிடம் இரும்புக் குறைவு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று தெரிந்த எவருக்கும் இந்த எண்கள் உறுத்த வேண்டும். தைராய்டு ஒரு டாக்டரிடம், ரத்தசோகை இன்னொரு டாக்டரிடம் என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் உங்களைப் போன்றவர்களுக்கு உதவாது. இரண்டு ரிப்போர்ட்டையும் ஒருவரே சேர்த்துப் பார்க்கும்படி கேளுங்கள்.

கேள்வி: தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில்தான் போக வேண்டுமா? மாத்திரை போட்டவுடன் காபி குடிக்கலாமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே வேளையில் கொடுங்கள். தைராக்ஸின் சாப்பிடுபவராக இருந்தால், அன்றைக்கு ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் மாத்திரை உள்ளே போன சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 சற்று ஏறி நிற்கும். காபி தைராக்ஸின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது என்பது ஆய்வில் காட்டப்பட்டிருக்கிறது; மாத்திரைக்குப் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருங்கள். அளவை மாற்றிய பின் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்தே மறுபரிசோதனை. தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும் என்பதால் அதற்கு முன் பார்ப்பது வீண் செலவு.

கேள்வி: வயது 72, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். டி.எஸ்.ஹெச். 6.8, ஃப்ரீ டி4 இயல்பு. சற்று அசதி உண்டு. ஒரு மருத்துவர் மாத்திரை தொடங்கச் சொல்கிறார், மற்றொருவர் வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், மதுரை

பதில்: உங்களைப் போன்றவர்களிடமே இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. டிரஸ்ட் என்ற பெயரில் பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் நடந்து 2017இல் வெளியான அந்த ஆய்வில் 65 வயதைத் தாண்டிய 737 பேர் சேர்க்கப்பட்டார்கள். சராசரி வயது 74, சராசரி டி.எஸ்.ஹெச். 6.4, ஏறக்குறைய உங்கள் நிலைதான். ஒரு பாதியினருக்குத் தைராக்ஸின், மறுபாதியினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. ஓராண்டு கழித்து, மருந்து எடுத்தவர்களின் டி.எஸ்.ஹெச். 3.63க்கு இறங்கியிருந்தது. ஆனால் அசதியிலும் மற்ற அறிகுறிகளிலும் இரண்டு குழுவினருக்கும் இடையே வித்தியாசமே இல்லை. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் டி.எஸ்.ஹெச். தானாக 5.48க்கு இறங்கியிருந்தது என்பதையும் கவனியுங்கள்.

எண் சீரானது, மனிதர் அப்படியே இருந்தார். என் கருத்தில், உங்கள் வயதில் இந்த அளவுக்கு மாத்திரை தேவையில்லை என்று சொல்லும் மருத்துவர் பக்கம் சான்று வலுவாக இருக்கிறது. அளவு மீறிப்போனால் தீங்கும் உண்டு: அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் 60 வயதைக் கடந்த 2007 பேரைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்ததில், டி.எஸ்.ஹெச். மிகவும் தாழ்ந்திருந்தவர்களில் 28 சதவீதத்தினருக்கு இதயம் தாளம் தவறித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தது. இயல்பாக இருந்தவர்களில் 11 சதவீதத்தினருக்கு. டி.எஸ்.ஹெச். 10ஐத் தாண்டியவர்களுக்கு டிரஸ்ட் ஆய்வு பொருந்தாது. அப்படிப்பட்டவர்கள் அதில் மிகக் குறைவு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்த வேண்டாம். நீங்கள் ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அசதிக்கு ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12, தூக்கம், மனச்சோர்வு என்று வேறு காரணங்களையும் தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மனைவிக்குத் தைராய்டு மிகைச் சுரப்பு. கார்பிமசோல் தொடங்கி ஐந்து வாரமாகிறது. 'தொண்டை வலித்தால் உடனே வாருங்கள்' என்று டாக்டர் சொன்னார். தைராய்டு மாத்திரைக்கும் தொண்டை வலிக்கும் என்ன சம்பந்தம்?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: சம்பந்தம் ரத்தத்தின் வழியாக. தைராய்டு ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும் இந்த வகை மருந்துகளை 1943இல் பாஸ்டனில் எட்வின் ஆஸ்ட்வுட் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயனைக் காட்டினார். வெள்ளையணுக்கள் திடீரென அற்றுப்போகும் ஆபத்து சிலருக்கு உண்டு என்பதும் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு நேரக்கூடியது அது. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள். கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்கும் கீழே போய்விடும்போது, முதல் அடையாளம் காய்ச்சலும் கடுமையான தொண்டை வலியும் வாய்ப்புண்ணும்தான்.

அப்படி வந்தால் மாத்திரையை அன்றைக்கே நிறுத்திவிட்டு, இரவானாலும் மருத்துவமனைக்குப் போய் வெள்ளையணு எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். சென்ற வாரம் ரத்தம் நன்றாக இருந்ததே என்று காத்திருக்கக் கூடாது. சில நாட்களிலேயே வீழ்ச்சி நேரும் என்பதால் முந்தைய முடிவு பாதுகாப்பு தராது. எண்ணிக்கை சரியாக இருந்தால் அது சாதாரணத் தொண்டை வலி. டாக்டர் மாத்திரையைத் தொடரச் சொல்வார். இந்த ஆபத்துக்குப் பயந்து இப்போதே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். கட்டுப்படாத மிகைச் சுரப்பு இதயத்துக்குச் செய்யும் கேடு இதைவிடப் பெரிது.

கேள்வி: பிறந்த மூன்றாம் நாள் குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் டி.எஸ்.ஹெச். 46 என்று சொல்லி உடனே திரும்பி வரச் சொல்கிறார்கள். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, அழுகிறது. பாட்டி உட்பட எல்லோரும் 'குழந்தைக்கு ஒன்றுமில்லை, ஊசி குத்த வேண்டாம்' என்கிறார்கள்.
— வாசகர், வேலூர்

பதில்: இந்தக் கடிதத்துக்குத் தபாலிலேயே பதில் அனுப்பிவிட்டேன்; மற்றப் பெற்றோருக்காக இங்கேயும் எழுதுகிறேன். தயங்காமல் அன்றைக்கே போக வேண்டும்.

பிறவித் தைராய்டு குறைவுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் பிறந்தபோது மற்றக் குழந்தைகளைப் போலவே இருப்பார்கள். தாயின் ஹார்மோன் கொஞ்சம் அவர்களுக்குக் கிடைத்திருக்கும். மலச்சிக்கல், நீடிக்கும் மஞ்சள் காமாலை, கரகரத்த அழுகை, பெரிய நாக்கு என்று கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் மூளை வளர்ச்சிக்கான விலைமதிப்பற்ற வாரங்கள் கடந்துவிட்டிருக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ழான் டுசோ என்ற மருத்துவர் 1970களின் தொடக்கத்தில், வடிதாளில் உலர்ந்த ஒரு சொட்டு ரத்தத்திலிருந்தே தைராக்ஸினை அளக்கலாம் என்று காட்டினார். யாலோவும் பெர்சனும் கண்ட அதே முறைதான் அதற்கு அடிப்படை. பிறக்கும் எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கும் வழக்கம் அங்கிருந்துதான் பரவியது. நம் நாட்டிலும் கொச்சுப்பிள்ளையின் தலைமையில் டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள், அயோடின் குறைந்த உத்தரப்பிரதேச மாவட்டங்களில் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்து இந்தக் குறைபாட்டின் பரவலை வெளிக்கொணர்ந்தார்கள். பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து மையங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், 1130 குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருப்பது தெரிந்தது. பல மேலை நாடுகளில் மூவாயிரத்தில், நாலாயிரத்தில் ஒன்றுதான். நெருங்கிய சொந்தத்தில் நடக்கும் திருமணங்கள், ஹார்மோன் உற்பத்தியில் வரும் பரம்பரைக் குறைபாடுகளுக்கு வழி கொடுப்பதும் நம் பகுதியில் ஒரு காரணம்.

பிறந்த முதல் நாளில் எல்லாக் குழந்தைகளுக்குமே டி.எஸ்.ஹெச். 60, 80 என்று எகிறும். அதனால்தான் இரண்டு நாள் கழித்துக் குதிகால் ரத்தம் எடுக்கிறார்கள். மூன்றாம் நாளில் 40க்கு மேல் இருப்பது அந்த இயல்பான ஏற்றத்தில் சேராது. இப்போது நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து டி.எஸ்.ஹெச்., ஃப்ரீ டி4 இரண்டையும் பார்ப்பார்கள். உறுதியானால் இரண்டு வாரத்துக்குள், உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் கணக்கில் தைராக்ஸின் தொடங்குவார்கள். மாத்திரையைப் பொடித்து ஒரு கரண்டி தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கலந்து கொடுக்கலாம். புட்டிப் பாலில் மொத்தமாகக் கலக்கக் கூடாது, மிச்சம் வைத்தால் மருந்தும் மிச்சமாகிவிடும். சில குழந்தைகளுக்கு இந்தக் குறைபாடு தற்காலிகமானது. மூன்று வயதானதும் மருந்தைச் சில வாரம் நிறுத்திப் பரிசோதித்து, தொடர வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். அதுவரை ஒரு நாளும் தவறவிடக் கூடாது.